குடத்துக்குள்ள கை விடறது யாரு?

நம்ம ஊர்ப் பக்கம் குலுக்கல் சீட்டு போட்டா, துண்டுச் சீட்டை எடுக்க ஒரு சின்னக் குழந்தையைத்தான் கூப்பிடுவாங்க. ஏன்னு யோசிச்சிருக்கீங்களா? குழந்தைக்கு யார் ஜெயிச்சாலும் ஒண்ணுதான். இந்த யோசனைக்கு 1,100 வருஷத்துக்கு முந்தின கல்வெட்டுச் சாட்சி இருக்கு.

முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921. உத்திரமேரூர் சபைக்கு ஆள் எடுக்கற குடவோலை முறையைக் கல்லுல வெட்டி வெச்சிருக்காங்க. ஊர் 30 குடும்பு. ஒவ்வொரு குடும்புக்கும் ஓலைகளைக் கட்டாக்கிக் குடத்துல போடுவாங்க. குடத்தை எல்லாரும் பார்க்கற மாதிரி தூக்கிக் காட்டணும். உள்ள என்ன இருக்குன்னு தெரியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேற காலிக் குடத்துல போட்டுக் குலுக்கி, அதுல இருந்து ஒரு ஓலை. வாங்கற மத்தியஸ்தர் அஞ்சு விரலையும் விரிச்சு உள்ளங்கையில வாங்கணும். அவர் படிச்ச பேரை அங்க இருக்கற நம்பிமார் எல்லாரும் திரும்பப் படிக்கணும்.

நிலமும் வேதப் படிப்பும் இருந்த ஆண்களுக்கு மட்டுமான சபை அது. அதை மறைக்க வேண்டாம். ஆனா ஒவ்வொரு விதியும் ஒரு திருட்டு வழியை அடைக்குது. விரிச்ச விரல் எதுக்கு? கைக்குள்ள வேற ஓலை மாத்திடக் கூடாதுன்னுதான்.

இப்போ சிப்புக்கு வருவோம். கார்டுலயும் ஏடிஎம்லயும் இருக்கற பல சிப்புகள்ல குடத்தோட வேலையைச் செய்யறது ரிங் ஆசிலேட்டர். அதோட துடிப்பு ஒவ்வொரு சுத்துலயும் இம்மியளவு முன்னப்பின்ன வரும். அந்தத் தடுமாற்றத்துல இருந்துதான் ரேண்டம் எண் பிறக்குது. 2009-ல கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மார்கெட்டோஸும் மூரும் மின் இணைப்பு வழியா ஒரு அலைவரிசையைச் செலுத்தினாங்க. நோம்பியில ஜமாப் அடிச்சா ஆளாளுக்குத் தட்டிட்டு இருந்த கையெல்லாம் ஒரே தாளத்துக்கு வந்துரும் இல்லைங்களா? அதேதான் நடந்துச்சு. தடுமாற்றம் போச்சு. சுமார் 429 கோடி வாய்ப்புல ஒண்ணைக் கண்டுபிடிக்க வேண்டிய இடத்துல, 13 முயற்சி போதும்னு காட்டினாங்க. யாரும் பூட்டை உடைக்கல; குலுக்கலை நிறுத்தினாங்க, அவ்வளவுதான்.

தற்காப்பும் உத்திரமேரூர் மாதிரியேதான். 2013-ல ஃப்ரீபிஎஸ்டி குழு, சிப் தர்ற எண்ணை நேரடியா நம்பாம வேற மூலங்களோட கலந்துதான் கொடுக்கணும்னு முடிவெடுத்துச்சு: ரெண்டாவது குடம். 2018-ல அமெரிக்காவோட நிஸ்ட் வெளியிட்ட தரநிலை, சிப் ஓடறப்பவே அதைச் சோதிக்கச் சொல்லுது. ஒரே மதிப்பு தொடர்ந்து வந்தா எச்சரிக்கணும்: நம்பிமார் திரும்பப் படிக்கற வேலை.

ஒரே வித்தியாசம், குடத்தைத் தூக்கிக் காட்டலாம்; சிப்பைக் காட்ட முடியாது. அதனால சந்தேகப்படற பொறுப்பு கோடு எழுதற நம்மகிட்ட வருது. பீளமேட்டுலயோ சரவணம்பட்டியிலயோ உக்காந்து பைத்தான்ல ஓடிபி உருவாக்கறீங்களா? 'ரேண்டம்' மாட்யூல் அதுக்கானது இல்லீங்க, 'சீக்ரெட்ஸ்' எடுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாங்க.