மனமுவந்து தந்த வரி

வருவாய்த் துறையில் ரசீது எழுதியே காலம் போக்கியவன் நான். மேலிருந்து வரும் தாளில் ‘விருப்ப நன்கொடை’ என்று இருந்தால், அதன் கீழேயே இலக்குத் தொகையும் இருக்கும். அதனால் இங்கிலாந்து மன்னர்களின் ‘பெனவலன்ஸ்’ வசூலைப் பற்றிப் படித்தபோது எனக்கு வியப்பைவிடச் சிரிப்பே மிகுதியாக வந்தது.

‘பெனவலன்ட்’ என்றால் பிறர் நலம் நாடுகிற, கருணையுள்ள என்று பொருள். ‘நன்று’, ‘விரும்புதல்’ என்னும் இரு லத்தீன் சொற்கள் கூடிப் பிறந்தது. 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கியது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அரண்மனை அதைத் தன் வசூலுக்குப் பெயராகப் பிடித்துக்கொண்டது.

காரணம் எளிது. வரி போட நாடாளுமன்றம் சம்மதிக்க வேண்டும்; அன்பளிப்பு வாங்க யாரும் சம்மதிக்க வேண்டாம். பிரான்சோடு போர் தொடுக்கப் பணம் தேடிய நான்காம் எட்வர்டு, செல்வர்களை நேரில் அழைத்துக் கேட்டார். 20 பவுண்டு தந்த முதிய விதவை ஒருத்திக்கு அரசர் முத்தம் கொடுக்க, அவள் இன்னொரு 20 பவுண்டு தந்தாள் என்று கதை உண்டு. 1475இல் படை கடல் கடந்தது. பிரெஞ்சு மன்னர் 75,000 கிரவுன் கொடுத்ததும் போரிடாமலே திரும்பியது.

1484இல் மூன்றாம் ரிச்சர்டு இந்த வசூலைச் சட்டம் போட்டு ஒழித்தார். 1491இல் ஏழாம் ஹென்றி மீண்டும் தொடங்கினார். அவருடைய அமைச்சர் கார்டினல் மார்ட்டன் பெயரில் வழங்கும் தர்க்கம் இந்தக் காலத்தது: ஆடம்பரமாக வாழ்கிறவனிடம் பணம் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, சிக்கனமாக வாழ்கிறவன் சேர்த்து வைத்திருப்பான். ஆக, இருவருமே கொடுக்கலாம். எங்கள் தாலுகா அலுவலகத்தில் இவ்வளவு கெட்டிக்காரர் யாரும் இருந்ததில்லை.

1525இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் கார்டினல் உல்சி ‘நட்புக் கொடை’ கேட்டார். லண்டன்காரர்கள் ரிச்சர்டின் சட்டத்தை எடுத்துக் காட்டினார்கள். கொலைகாரன் போட்ட சட்டத்தையா சொல்கிறீர்கள் என்று உல்சி சீறினார். ஆள் கெட்டவனானாலும் சட்டம் நல்லது என்றார்கள் அவர்கள். லாவனம் என்ற ஊர்ப் பக்கத்து நெசவாளர்கள் கிளர்ந்தெழவே, ஹென்றி அதைக் கைவிட்டார். ஆனால் 1545இல் பெனவலன்ஸ் தர மறுத்த லண்டன் நகரசபை உறுப்பினர் ரிச்சர்டு ரீடை ஸ்காட்லாந்து எல்லைக்குப் படைவீரனாக அனுப்பிவிட்டார்கள். அங்கே அவர் எதிரியிடம் சிறைப்பட்டார். கொடுக்காதவன் பெயரைக் குறித்துக்கொள்ளும் வசூல் எப்படி நன்கொடை ஆகும்?

1615இல் இந்த வசூலை எதிர்த்துக் கடிதம் எழுதிய ஆலிவர் செயின்ட் ஜானுக்கு 5,000 பவுண்டு அபராதம். 1628இல் நாடாளுமன்றம் முதலாம் சார்லஸிடம் உரிமை மனுவை நீட்டியது. நாடாளுமன்றச் சம்மதமில்லாமல் அன்பளிப்பு, கடன், பெனவலன்ஸ், வரி எதையும் யாரும் கட்டாயத்தின்பேரில் கொடுக்க வேண்டியதில்லை என்றது அது. நாலையும் ஒரே கணக்குத் தலைப்பின் கீழ் கொண்டுவந்த அந்த வரியை எழுதியவருக்கு, வசூல் வேலை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.