சாமி மூட்டை

திருமுல்லைவாயில் இரயிலடியில் பாசிமணி விற்கும் நரிக்குறவரைக் கண்ட என் மாணவன், “ஹஜ்ரத், இவர்களுக்கு மார்க்கம் உண்டா?” என்றான். “நாடோடிகளுக்கு ஏது மார்க்கம்?” என்று அருகிருந்தவர் சிரித்தார். அச்சிரிப்பு பிழையானது.

தம்மை வாக்ரி என அழைக்கும் இம்மக்களின் தாய்மொழி, குஜராத்தி, ராஜஸ்தானி மொழிகளுக்கு உறவானது. குலந்தோறும் ஒரு தேவி. அவளுக்குரியவற்றைத் துணியில் பொதிந்து சாமி மூட்டையாகக் காப்பர். பிறர் அதைத் தொடலாகாது. எருமை பலியிடுவோர், ஆடு பலியிடுவோர் என்பதே அவர்களுள் பெரும்பிரிவு. நம் தவ்ஹீதுக்கு இஃது உடன்பாடன்று. ஆயினும், வீடின்றி அலைந்த காலத்தும் வழிபாட்டை உடன்சுமந்து திரிந்தோரை மார்க்கமற்றோர் என்பது நீதியாகுமா?

ஜிப்ஸிகள் எனப்படும் ரோமா மக்களும் ஐரோப்பாவில் இப்பழிக்கே ஆளாயினர். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவினின்று மேற்கே சென்றோர் அவர்கள். பாரசீக மன்னர் பஹ்ராம் கூர் இந்தியாவிலிருந்து 12,000 இசைவாணரை வரவழைத்தார் என்றும், அவர்தம் வழியினரே ‘ஸுத்’ மக்கள் என்றும் ஹம்ஸா அல்-இஸ்பஹானீ எழுதினார். கதை சுவையானது, சான்றாகக் கொள்ளற்பாலதன்று. ரோமா மொழியே சான்று. நீரை இன்றும் அவர்கள் ‘பானி’ என்கின்றனர்!

பிரான்சில் கிறிஸ்தவ ரோமாக்கள் ஆண்டுதோறும் மே 24-இல் கறுத்த சாராவின் சிலையைக் கடலுக்குச் சுமந்து செல்வர். பால்கன் நாடுகளின் முஸ்லிம் ரோமாக்களோ, ஹிள்ரு (அலை) அவர்களும் இல்யாஸ் (அலை) அவர்களும் சந்திக்கும் நாளென்று மே 6-இல் விழா எடுப்பர்.

நரிக்குறவரும் ரோமாவும் ஒரே குலமென்று சிலர் எழுதுவர். மொழிக்குடும்பம் ஒன்று, அதற்குமேல் துணிந்துரைக்க இடமில்லை. நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2023-இல் வந்தது. அன்று சிரித்தவர் அதனையும் அறிந்திலர்.