முத்தும் முடிப்பும்

மன்னார்ப் பட்டினத்திலிருந்து தெற்கு நோக்கிக் கரையோரமாகச் செல்வோர் அரிப்பு என்னும் ஊரை அடைந்ததும், கடலைப் பார்த்தபடி சிதைந்து நிற்கும் பழைய கட்டடம் ஒன்றைக் காண்பர். ஊரார் அதனை அல்லிராணி கோட்டை என்பர். அல்லி அரசாணியின் கதையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்த எமக்கு அப்பெயர் இனிமையானதே. ஆயின் வரலாறு கூறுவது வேறு. பிரித்தானிய ஆட்சியின் முதல் தேசாதிபதியாகிய பிரெட்றிக் நோர்த் என்பவர், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யும் காலத்தில் தங்குவதற்கென 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டுவித்த மாளிகை அது. கடல் கரையை அரித்து அரித்து, இன்று சில சுவர்களும் தூண்களுமே எஞ்சியிருக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் என் பாடசாலை மாணவரை அங்கே அழைத்துச் சென்று, இந்தக் கடலில் எடுத்த முத்து உலகத்து அரசிமாரின் கழுத்தில் எல்லாம் கிடந்தது என்று பெருமையோடு கூறிக்கொண்டிருந்தேன். மீனவர் குடும்பத்துப் பையன் ஒருவன் எழுந்து, "சேர், இவ்வளவு முத்து எடுத்த கரையிலே ஏன் எல்லாரும் கடனோடு இருக்கிறோம்?" என்று கேட்டான். மற்றப் பிள்ளைகள் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று அவனுக்குச் சொல்லத் தெரியாத விடையையே இன்று உங்கள் முன் வைக்க முயல்கின்றேன்.

முத்துக்குளிப்பை எம் முன்னோர் சலாபம் என்றும் வழங்கினர். சிலாபத்துறை என்னும் ஊர்ப் பெயரில் அச்சொல் இன்றும் வாழ்கின்றது. வாடைக்காற்று ஓய்ந்து சோளகம் எழுவதற்கு முன், கடல் அமைதியாகக் கிடக்கும் மாசி, பங்குனி மாதங்களே அதற்குரிய காலம். பெரிய பார், செவல் பார் முதலிய முத்துப் பார்களை நோக்கி வள்ளங்கள் நள்ளிரவில் கரைக்காற்றோடு புறப்படும்; பிற்பகலில் கடற்காற்றோடு திரும்பும். கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களிலிருந்தும், பாரசீகக் குடாவிலிருந்தும் குளிகாரர் வருவர். கல்லொன்றைக் காலிற் பொருத்தி, மேலே கயிறு பிடிப்பவனை நம்பி, ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பி அள்ளுவர். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் கடல்கட்டி என்பவருக்கும் ஒரு பங்கு உண்டு.

கரைக்கு வந்த சிப்பியை மூன்று கூறாக்குவர். இரண்டு கூறு அரசாங்கத்துக்கு. ஒரு கூறு குளித்தவர்களுக்கு. அரசாங்கத்தின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் விற்கப்படும். குளிகாரனோ தன் பங்கை வாயிலிலேயே சிறு வணிகருக்குச் சில்லறையாக விற்றுவிடுவான். சிப்பியைத் திறவாமலே விலை பேசுவதால், வாங்குபவனுக்கு அது ஒரு சூது. பெருமுத்தும் கிடைக்கலாம், வெறும் ஓடும் கிடைக்கலாம். 1906ஆம் ஆண்டில் மரிச்சுக்கட்டியில் இக்குளிப்பைக் கண்காணித்த இளம் அதிகாரிகளுள் ஒருவர், பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளராகிய லெனாட் வூல்ப். ஆளரவமற்ற மணற்பரப்பில் சில வாரங்களுக்கென ஒரு நகரமே எழுந்து, பின்னர் சுவடின்றி மறைந்ததைத் தம் தன்வரலாற்றில் அவர் எழுதியிருக்கின்றார். செல்வமும் அந்நகரத்தைப் போலவே வந்தது. அதனைப் போலவே சென்றது.

ஆகவே, பையனின் கேள்விக்கு முதல் விடை இது: முத்து எம் கரையில் எடுக்கப்பட்டதேயன்றி, எம் கரையில் தங்கவில்லை. பெரும்பகுதி அரசுக்கும் வெளியூர் வணிகருக்கும் போயிற்று. உள்ளூர் ஏழைமக்கள் ஊதாரிகள் ஆனபடியால் வறியரானார்கள் என்று கூறுவது வரலாற்றுக்குச் செய்யும் அநீதியாகும்.

ஆயினும் விடை அத்துடன் முடிந்துவிடவில்லை. கைநிறையப் பெற்றவர்களுக்கும் அச்செல்வம் நிலைக்கவில்லை. ஏன்?

முத்துப்பார் நம்பத்தக்க வயல் அன்று. ஒரு சிப்பி குளிப்புக்கு ஏற்றதாக முதிர ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் செல்லும். அதற்கிடையில் நீரோட்டம் அடித்துச் செல்லலாம், மணல் மூடலாம், திருக்கை முதலிய மீன்கள் தின்று தீர்க்கலாம். ஒல்லாந்தர் காலத்தில் 1768இன் பின் 1796 வரை குளிப்பே நடைபெறவில்லை. ஆங்கிலேயர் காலத்தில் 1828 முதல் 1837 வரை ஆண்டுதோறும் குளித்தனர். அதன் பின் 1854 வரை ஒன்றுமில்லை. மறுபடியும் 1892 முதல் 1902 வரை வெறுமை. பின்பு 1905ஆம் ஆண்டில் கடல் தன் பெட்டகத்தையே திறந்துவிட்டாற்போல எட்டுக் கோடி அளவிலான சிப்பிகள் கரையேறின. அரசாங்கத்துக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா வருவாய் கிடைத்தது.

அந்த ஒளியில் கண் கூசியவர் பலர். இலண்டன் முதலாளிகள் கூடி அமைத்த ஒரு கம்பனி, 1906 முதல் 20 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 3,10,000 ரூபா வாடகையில் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. அவர்கள் கணக்கிலே படித்தவர்கள். அறிவியலறிஞரின் ஆலோசனையும் அவர்களுக்கு இருந்தது. 1906இல் விளைவு நன்றாயிருந்தது. 1907இல் மிகக் குறைந்தது. அதன் பின் பார்கள் வெறுமையாயின. வாடகையோ ஆண்டுதோறும் வந்து நின்றது. 20 ஆண்டுக் குத்தகை 1912ஆம் ஆண்டளவில் முறிந்துபோயிற்று. நல்ல ஆண்டின் வருவாயை எல்லா ஆண்டின் வருவாயாகவும் எண்ணிச் செலவை நிலைப்படுத்திக்கொண்டதே அவர்கள் செய்த பிழை. ஒரு பருவத்து மீன்பாட்டை நம்பித் தவணைக்கு மோட்டார்ச் சைக்கிள் எடுக்கும் எங்கள் ஊர் இளைஞன் செய்வதும் அதுவேயன்றி வேறில்லை.

இனிக் கடலுக்கு முதுகைக் காட்டி, உள்நாட்டுப் பக்கம் சற்றுத் திரும்புவோம். மன்னார்ப் பெருநிலத்தில் கட்டுக்கரைக்குளம் இருக்கின்றது. பண்டை மன்னர் அமைத்து, நெடுங்காலம் பாழ்பட்டுக் கிடந்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தப்பட்ட பெருங்குளம் அது. எம் மாவட்டம் வறண்டது. மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி வரையுள்ள சில வாரங்களிலேயே பெய்து தீர்ந்துவிடும். அருவியாற்றின் நீரைத் தேக்கம் என்னுமிடத்தில் மறித்து, வாய்க்கால் வழியே கொணர்ந்து இக்குளத்தில் நிறுத்துகின்றனர். மழையும் முத்தைப் போலவே நிலையில்லாத வரவுதான். ஆயினும் மழையை நிறுத்தி வைக்க அணை இருந்தது. முத்தின் வருவாயை நிறுத்தி வைக்க அணை இல்லை.

குளத்தில் நீர் நிற்பது மட்டும் போதாது. சிறுபோகம் தொடங்குமுன் கமக்காரரும் அதிகாரிகளும் கூடி, இருக்கும் நீர் எவ்வளவு, அதற்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்த நாளில் மதகு திறப்பது என்பவற்றை முடிவு செய்கின்றனர். நீர் குறைந்த ஆண்டில் விதைப்பும் குறையும். யாவரும் சற்றுப் பொறுத்துக்கொள்வர். எவ்வளவு, எதற்கு, எப்போது என்ற மூன்று கேள்விகளுக்கும் மதகு திறக்குமுன்னரே விடை கண்டுவிடுகின்றனர். சேமிப்பு என்பதன் இலக்கணம் இதுவே. செலவழித்து மிஞ்சியதை வைப்பது சேமிப்பாகாது. வரும்போதே ஒதுக்கி, இன்ன காரியத்துக்கு என்று குறித்து வைப்பதே சேமிப்பாகும்.

பணத்துக்கு இத்தகைய குளம் இலங்கையில் எப்போது வெட்டப்பட்டது? பார்கள் ஆண்டுதோறும் விளைந்த அந்தப் பத்தாண்டுகளின் நடுவே, 1832ஆம் ஆண்டில், தேசாதிபதி சேர் ரொபேட் வில்மட் ஹோட்டன் காலத்தில், இலங்கைச் சேமிப்பு வங்கி நிறுவப்பட்டது. ஆனால் கொழும்பிலுள்ள வங்கி தூரத்துக் கரையோரத்தில் வாழ்ந்தவனுக்கு எட்டாக் கனியே. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்து, அதன் தாள்களைக் கையில் வைத்திருந்தோர் கலங்கியபோது, தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் அத்தாள்களுக்கு அரசாங்கப் பொறுப்பு அளித்தார். அடுத்த ஆண்டாகிய 1885இல் தபாற்கந்தோர்ச் சேமிப்பு வங்கி தோன்றியது. கடிதம் வரும் இடத்திலேயே காசும் வைக்கலாம் என்பது சிறிய செய்தியன்று. 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் ஐக்கிய நாணய சங்கங்கள் எழுந்தன. 1971ஆம் ஆண்டின் சட்டப்படி பழைய சேமிப்பு நிறுவனங்கள் ஒன்றாகி, தேசிய சேமிப்பு வங்கியாயின.

இவையெல்லாம் வருமுன்னரே எம் பெண்மணிகள் தமக்கென ஒரு வழி வகுத்திருந்தனர். உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை வேறாக எடுத்து வைப்பது பிடியரிசி. பத்துப்பேர் கூடி மாதந்தோறும் சிறுதொகை இட்டு, முறைவைத்து ஒருவர் மொத்தமாகப் பெறுவது சீட்டு. சீட்டை ஒழுங்குபடுத்த 1935ஆம் ஆண்டிலேயே அரசாங்கம் சட்டமியற்ற வேண்டியிருந்தது என்றால், அது எவ்வளவு பரவியிருந்தது என்பதையும், அதில் எத்தனை பேர் ஏமாற்றப்பட்டிருக்கக்கூடும் என்பதையும் உய்த்துணரலாம்.

என் பாட்டியார் எழுத்தறியாதவர். தாத்தா சம்மாட்டியிடம் முன்பணம் பெற்றுக் கடலுக்குப் போனவர். பிடிக்கும் மீனெல்லாம் பழைய கடனுக்கே போய்விடும். பாட்டியாரோ கருவாடு விற்ற காசில் நாள்தோறும் சிறிது எடுத்துச் சேலைத்தலைப்பில் முடிந்து வைப்பார். அந்த முடிப்பு அவருக்கு வெறும் காசு அன்று; கிடுகுக் கூரையை மாற்றி ஓடு போடுவதற்கான பணம். "இது ஓட்டுக் காசு" என்று சொல்லி, என் தந்தையார் கேட்டபோதும் கொடுக்க மறுத்தார். 1990ஆம் ஆண்டில் போர் மூண்டு, நாங்கள் இரவோடிரவாகப் படகேறி இராமேசுவரக் கரையில் இறங்கியபோது, வீட்டில் இருந்தவற்றுள் எம்மோடு வந்தது அந்த முடிப்பு மாத்திரமே. படகுக் கூலி அதிலிருந்து போயிற்று. முதற் சில வாரங்கள் குழந்தைகளுக்குப் பால் அதிலிருந்து வந்தது. ஓடு போடப்படவில்லை. ஆனால் எவரிடமும் நாங்கள் கையேந்தவும் இல்லை.

இதைச் சொல்லும்போது மற்றொன்றையும் சொல்லுதல் நேர்மையாகும். அவ்வாண்டு ஒக்டோபரில் இக்கரையில் வாழ்ந்த முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தவற்றை விட்டே செல்ல நேர்ந்தது. வீட்டிலுள்ள பொன்னும் பொருளும் எவ்வளவு எளிதிற் பறிபோகும் என்பதை எம் மாவட்டம் கண்ணீரோடு அறியும். வங்கிப் பேரேட்டில் எழுதிய கணக்கோ, ஊர் மாறினாலும் பெயரை மறப்பதில்லை. ஆனால் பேரேடும் முற்றிலும் காவலன்று. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில், ஓராண்டுக்குள் விலைவாசி ஏறத்தாழ 70 விழுக்காடு உயர்ந்தபோது, புத்தகத்தில் இலக்கம் மாறாமல் இருக்க, அதன் வாங்கும் வலிமை கரைந்ததை ஓய்வூதியர் கண்டனர். ஆகையால் முழுவதையும் ஓரிடத்தில் வைத்தல் விவேகமன்று. அவசரத்துக்கு வேண்டியது உடனே எடுக்கக்கூடியதாக வங்கியில் இருக்கட்டும். ஆண்டுகள் கழித்து வேண்டியதில் ஒரு பங்கு, வலையாக, வள்ளமாக, காணியாக, பிள்ளையின் படிப்பாக மாறட்டும்.

பாடசாலையில் இப்போது ஆண்டுத் தொடக்கத்தில் மேல்வகுப்பு மாணவரிடம் ஒரு தாளைக் கொடுக்கின்றேன். எதற்காகச் சேர்க்கப் போகின்றாய், எவ்வளவு வேண்டும், எந்த மாதத்துக்குள் வேண்டும் என்று எழுதச் சொல்கின்றேன். "பணக்காரன் ஆவதற்கு" என்று எழுதியவர்கள் பெரும்பாலும் இரண்டாம் தவணைக்குள் விட்டுவிடுகின்றனர். "அம்மாவுக்குக் கண்ணாடி", "பரீட்சைக்குக் கணிப்பொறி" என்று எழுதியவர்கள் முடிக்கின்றனர். குறி சிறிதாயினும் தெளிவாயிருக்க வேண்டும். தொகையை மாதங்களாற் பிரித்துப் பார்க்க வேண்டும். நல்ல மீன்பாட்டு நாளில் அதிகமாகவும், காற்றடிக்கும் நாளில் ஒரு ரூபாவாயினும் போட வேண்டும்.

கோட்டையடியில் கேள்வி கேட்ட அந்தப் பையன் இன்று பெரியவனாகித் தகப்பனோடு கடலுக்குச் செல்கின்றான். சென்ற சோளகக் காலத்தில் வழியிற் கண்டு, "கடன் எப்படி?" என்று கேட்டேன். "குறையுது சேர். சம்மாட்டியிடம் இந்த முறை முன்பணம் வாங்கவில்லை. காற்றுக் காலத்துக்கென்று எடுத்து வைத்தது இருந்தது" என்றான். அவனுக்கு முத்து ஒன்றும் கிடைக்கவில்லை, நேயர்களே. மூன்று மாதச் செலவுக்குரிய பணம் அவன் பெயரில் இருந்தது. அதனால் அவன் பிடித்த மீனுக்கு அவனே விலை பேசினான்.