ஃபோர்க் கழுத்து முறிவும் துருவின் சாட்சியமும்

பழைய எஃகு சைக்கிள்களில் ஃபோர்க் தண்டு கிரவுனுக்குச் சற்று மேலே, கீழ்க் கோன் அமரும் கழுத்தில், இரண்டாக முறிவதைத் துருவின் கணக்கில் எழுதுவது ஆய்வு வழக்கமாகிவிட்டது. முறிந்த முகம் பழுப்பேறியிருக்கிறது, ஆகவே துரு அரித்தது, ஆகவே முறிந்தது. இந்த அனுமானத்தின் நடுக்கண்ணி வலுவற்றது என்பதே இங்கு முன்வைக்கும் வாதம்.

முறிவு முகத்தையே நிதானமாகப் பார்ப்போம். தெளிவான மாதிரிகளில் பழுப்பு வட்டம் முழுதும் சமமாகப் படர்ந்திருப்பதில்லை. சைக்கிள் ஓடும் திசையை வைத்துப் பார்த்தால் முன்புறம் ஒரு பிறை, பின்புறம் ஒரு பிறை. இரண்டும் கருத்து, வழவழப்பாக, மெல்லிய வளைகோடுகளுடன் தெரியும். இரு பக்கவாட்டிலும் எஞ்சிய உலோகம் சொரசொரப்பாகப் பளிச்சிடும். அது கடைசி நொடியில் அறுந்த பகுதி.

இந்த ஒழுங்கு தற்செயலானதன்று. ஓட்டுபவரின் எடை சாய்ந்த தண்டின் வழியே இறங்கும்போது ஃபோர்க் முன்னோக்கி வளைய முயல்கிறது. தண்டின் பின்புறம் இழுவிசைக்கு உள்ளாகிறது. முன்பிரேக் பிடிக்கையில் வளைவு திசைமாறி முன்புறம் இழுபடுகிறது. பிறைகள் அமைவது இவ்விரு இடங்களில்தான். மாறி மாறி வளைந்ததால் விளைந்த உலோகக் களைப்பின் தடம் இது. துருவுக்கு முன் பின் தெரியாது.

சுவர் சுற்றிலும் மெலிந்தபின் விசை தன் இடத்தைத் தேர்ந்துகொண்டது என்று மறுக்கலாம். நியாயமான மறுப்பு, அளந்து சோதிக்கக்கூடியதும்கூட. 25.4 மி.மீ. விட்டமுள்ள தரமான தண்டுகளில் அடிச்சுவர் சுமார் 2.3 மி.மீ. இருக்கும். முறிவை ஒட்டிய சுவரும், அதே அடிப்பகுதியில் சற்றுத் தள்ளியுள்ள சுவரும் ஒரே தடிமன் காட்டினால் மெலிவு வாதம் நிற்காது. இந்த எளிய அளவைக்கூட எடுக்காமல் துருவைக் குற்றவாளியாக்குவதை ஏற்க இயலவில்லை. தண்டைக் கிரவுனோடு பற்றவைத்த சூட்டில் உலோகம் கெட்டது என்ற விளக்கமும் இங்கு உதவாது; அது பிளவு எளிதில் தொடங்கியதைச் சொல்லலாம், பழுப்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

அப்படியானால் பழுப்பு எதைக் காட்டுகிறது? காலத்தை. பிளவு திறந்த நாளிலிருந்து காற்றும் ஈரமும் அதன் முகங்களைத் தொட்டுவந்தன. முதலில் திறந்த இடம் மிகக் கருத்தும், பின்னர் திறந்தது வெளிறியும் இருப்பது இதனால்தான். பிளவுக்குள் திரளும் ஆக்சைடு அது முழுதாக மூடுவதைத் தடுத்து, வளர்ச்சியைத் தாமதப்படுத்தவும் கூடும். துருவே ஆப்பாக நின்று பிளந்தது என்பாருக்கு இது உவப்பாக இராது.

கோன் நேரடியாகத் தண்டின்மீது ஏறி அமரும் ஃபோர்க்குகளில் இன்னொரு சிக்கல் உண்டு. கோனைக் கழற்றினால் அடியில் செம்பழுப்புப் பொடி கிடக்கும். பார்வைக்குத் துருவேதான். ஆனால் இறுக்கிப் பொருத்திய இரு எஃகுப் பரப்புகள் கண்ணுக்குத் தெரியாத அளவு உரசினாலே அப்பொடி உண்டாகும், நீர் வேண்டியதில்லை. ஆய்வாளர் தாம்லின்சன் 1927இல் ஆராய்ந்தது இவ்வுரசலைத்தான். ரயில் அச்சில் சக்கரம் ஏறும் இடத்தில் பிளவு தொடங்குவதும் இவ்வழியிலேயே. ஆகவே அந்தப் பொடியை மழைநீரின் சாட்சியாகக் கொள்வதற்குமுன், உரசலின் சாட்சியாக அதைச் சோதிக்க வேண்டும்.

துருவை முற்றாக விடுவிக்க நான் முனையவில்லை. அரிக்கும் நீரில் எஃகு தன் களைப்பு வரம்பையே இழக்கிறது என்பதை 1920களில் ஆய்வாளர் மெக்ஆடம் நிறுவிவிட்டார். முன்சக்கரம் வாரியடிக்கும் நீர் திறந்த தண்டின் உட்புறம் ஏறுவதும் உண்மை. பிளவு உட்சுவரில், ஓர் அரிப்புக் குழியிலிருந்து, பல இடங்களில் ஒருசேரத் தொடங்கியிருந்தால் பழைய முடிவே சரி. நீர் தேங்கும் பாட்டம் பிராக்கெட்டை ஒட்டிய குழாய்களில் அவ்வாறு நிகழ வாய்ப்பு மிகுதி. கழுத்து முறிவில் பிளவின் தொடக்கம் வெளிச்சுவரிலா உட்சுவரிலா என்று குறிக்காத எந்த வகைப்பாடும் இந்த விவாதத்தில் சான்றாகாது. முகத்தை அமிலத்தில் கழுவிப் பழுப்பை நீக்கியபின் எடுத்த படங்களும் சான்றாகா.