அடைக்கலம் தந்த மலைக்கிராமம்



பிரான்ஸ் என்றவுடன் பரிஸ் நகரமும் ஐஃபல் கோபுரமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். இந்த ஆண்டுவிழா மலரில், அங்கிருந்து வெகுதூரத்தில் மலைமேல் இருக்கும் ஒரு சிறிய கிராமத்தைப் பற்றி அறிந்துகொள்வோம். அதன் பெயர் லு ஷாம்போன்-சுர்-லின்யோன். லின்யோன் ஆற்றங்கரையிலுள்ள ஷாம்போன் என்பது பொருள்.

இடமும் காலநிலையும்

பிரான்சின் தென்மத்திய பகுதியில், ஓத்-லுவார் மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 மீற்றர் உயரத்தில் ஒரு மேட்டுநிலம் உண்டு. அங்கேதான் இக்கிராமம் இருக்கிறது. அதன் ஓரமாக ஓடும் லின்யோன் ஆறு, பிரான்சின் மிக நீண்ட ஆறான லுவாரில் சென்று கலக்கிறது. சுற்றிலும் ஊசியிலைக் காடுகளும் புல்வெளிகளும், அவற்றின் நடுவே ஒன்றுக்கொன்று தூரமாகக் கல்லால் கட்டிய பண்ணை வீடுகளும் காணப்படும். குளிர்காலத்தில் 'பூர்ல்' என்னும் வடகாற்று வீசிப் பனியை வாரிக் குவித்துப் பாதைகளை மூடிவிடும்.

கோடையிலோ நல்ல காற்றும் வெயிலும் கிடைக்கும். ஆகவே சென்-எத்தியேன் என்னும் சுரங்க நகரத்து ஏழைப் பிள்ளைகளை உடல் தேறுவதற்காக இங்கே அனுப்பும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. 1902இல் சிறிய மலை ரயிலும் வந்தது. விடுதிகளும் பிள்ளைகள் இல்லங்களும் பெருகின. வெளியூர்ப் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பராமரிப்பது இவ்வூராருக்குப் பழகிப்போயிற்று. இந்தப் பழக்கம் பின்னர் பல உயிர்களைக் காத்தது.

துன்புறுத்தப்பட்ட சபை

பிரான்சில் நெடுங்காலமாகப் பெரும்பாலோர் கத்தோலிக்கராக இருந்தார்கள். ஆனால் இந்த மலைநாட்டில் 16ஆம் நூற்றாண்டிலிருந்தே புரட்டஸ்தாந்து மக்கள் வாழ்ந்து வருகிறார்கள். அவர்களை ஊகனோர் என்பார்கள். 1598இல் நாந்த் கட்டளை அவர்களுக்கு ஆராதனைச் சுதந்திரம் அளித்தது. 1685இல் பதினான்காம் லூயி மன்னன் அதை இரத்துச் செய்தான். ஆலயங்கள் இடிக்கப்பட்டன, போதகர்கள் நாடுகடத்தப்பட்டார்கள். மக்கள் காடுகளிலும் தனித்த வீடுகளிலும் இரகசியமாகக் கூடி ஆராதித்தார்கள். 1787இல்தான் நிலைமை தளரத் தொடங்கியது. ஒளிந்திருப்பதும், ஒளிந்திருப்பவரைக் காட்டிக்கொடாமல் இருப்பதும் பாட்டன் பாட்டி காலத்துக் கதைகளாக வீடுதோறும் நிலைத்துவிட்டன.

கதவைத் தட்டியவர்கள்

1934இல் ஆந்திரே துரொக்மே என்பவர் இங்கே போதகராக வந்தார். மனைவி மக்டா இத்தாலியில் பிறந்தவர். 1938இல் துரொக்மேயும் எதுவார் தெய்ஸ் என்னும் போதகரும் சேர்ந்து ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். 1940 ஜூனில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்றது. அடுத்த ஞாயிறு ஆராதனையில், தீமைக்கு ஆவியின் ஆயுதங்களால் எதிர்த்து நிற்பது கிறிஸ்தவர் கடமை என்று அவ்விருவரும் சபைக்கு அறிவித்தார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு யூதப் பெண் போதகர் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவள். மக்டா தயங்காமல் உள்ளே அழைத்து உணவு கொடுத்தார். அதன்பின் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். பண்ணைகளிலும் விடுதிகளிலும் பள்ளியிலும் அவர்கள் தங்கவைக்கப்பட்டார்கள். போலி அடையாள அட்டைகள் தயாராயின. சிலர் சுவிஸ் எல்லைவரை அழைத்துச் செல்லப்பட்டார்கள். அயற்கிராமங்களும், கத்தோலிக்கரும், சகோதர சபையாரும், குவேக்கர் முதலிய உதவி அமைப்புகளும் இதில் பங்கெடுத்தார்கள். காப்பாற்றப்பட்டவர் தொகை பலவிதமாகக் கணிக்கப்படுகிறது.  பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற கணித மேதையான அலெக்சாண்டர் குரொத்தென்டீக்கும் இங்கே தங்கிப் படித்த பிள்ளைகளில் ஒருவர்.

கொடுத்த விலை

1942 ஆகஸ்டில் அமைச்சர் ஒருவர் ஊருக்கு வந்தபோது, யூதரைப் பிடித்து அனுப்புவதைக் கண்டித்து மாணவர்கள் அவரிடம் கடிதம் கொடுத்தார்கள். சில நாட்களில் பொலிசார் பஸ்களுடன் வந்து, யூதரின் பெயர்ப்பட்டியலைக் கேட்டார்கள். போதகர் கொடுக்க மறுத்துவிட்டார். காடுகளையும் பண்ணைகளையும் தேடியும் மிகச் சிலரே அகப்பட்டார்கள்.

1943 பெப்ரவரியில் இரு போதகர்களும் தலைமையாசிரியர் ரொஜே தார்சிசாக்கும் கைதாகி ஏறக்குறைய ஒரு மாதம் முகாமில் அடைக்கப்பட்டார்கள். அரசுக்குக் கீழ்ப்படிவதாகக் கையொப்பமிட்டால் விடுதலை என்றபோது போதகர்கள் இருவரும் மறுத்தார்கள். ஆயினும் பின்னர் விடுவிக்கப்பட்டார்கள்.

அவ்வாண்டு ஜூன் 29ஆம் திகதி ஜெர்மன் இரகசியப் பொலிசார் ஒரு மாணவர் விடுதிக்குள் புகுந்தார்கள். விடுதிப் பொறுப்பாளர் தானியேல் துரொக்மே, போதகரின் உறவினர். அந்நேரம் வேறிடத்தில் இருந்த அவர் தப்பியோடியிருக்கலாம். ஆனால் தம் மாணவர்களிடம் திரும்பி வந்தார். 18 மாணவர்களோடு அவரும் பிடிபட்டார். 1944 ஏப்ரலில் போலந்திலிருந்த மைதானெக் முகாமில் உயிர்நீத்தார்.

1990இல் இஸ்ரவேலிலுள்ள யாத் வஷேம் நிறுவனம் இக்கிராமத்தையும் அயற்கிராமங்களையும் சேர்த்துக் கௌரவித்தது. 2013இல் அங்கே ஒரு நினைவு நிலையம் திறக்கப்பட்டது.

பிள்ளைகளே, அவ்வூர் ஆலய வாசலின்மேல், ஒருவரையொருவர் நேசிக்கும்படி இயேசு கொடுத்த கட்டளை பிரெஞ்சு மொழியில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஞாயிறுதோறும் அதன் கீழாக உள்ளே போனவர்கள், திங்கட்கிழமை தங்கள் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தார்கள். பிற்காலத்தில் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு, இதில் பெரிதாக என்ன இருக்கிறது, வேறென்ன செய்வது என்பதுதான் அவர்கள் பலருடைய மறுமொழியாயிருந்தது.

அந்நிய ஊரில் ஒரு கதவைத் தட்டிவிட்டுக் காத்து நிற்பது எப்படியிருக்கும் என்பதை நம் வீடுகளில் மூத்தவர்கள் பலர் அறிவார்கள். பிள்ளைகளே, அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.