ஒரு பழுது, இரண்டு கடிதங்கள்

அமெரிக்காவில் வாகன உற்பத்தியாளர் பழுதொன்றைப் பற்றி எழுதும் கடிதம் இருவகைப்படும். ஒன்று சேவை அறிவித்தல். முகவரின் திருத்தகத்துக்குச் செல்லும் இது, உரிமையாளர் முறையிட்டு வந்தால் மட்டுமே பயன்படும். உத்தரவாதக் காலம் கடந்திருந்தால் செலவும் பெரும்பாலும் அவருடையதே. மற்றையது மீளழைப்பு. ரால்ஃப் நாடரின் நூல் 1965இல் எழுப்பிய பரபரப்பின் பின்னர், 1966இல் ஜனாதிபதி ஜோன்சன் கையொப்பமிட்ட சட்டம், பாதுகாப்புக் குறைபாட்டை உரிமையாளருக்கே அறிவிக்கும்படி கட்டாயப்படுத்தியது. இலவசமாகத் திருத்திக் கொடுக்க வேண்டும் என்ற விதி 1974இல்தான் சேர்ந்தது. அதுவரை ஆபத்தை அறிவித்துவிட்டுப் பற்றுச்சீட்டையும் நீட்டலாம்!

இவ்விரண்டுக்கும் இடையிலான தூரத்தை ஜெனரல் மோட்டோர்ஸின் கோபால்ட் காரே எனக்கு உணர்த்தியது. அதன் இயக்க ஆளி தளர்வானது. திறப்புக் கோர்வை பாரமாக இருந்தாலோ முழங்கால் இடித்தாலோ திறப்பு திரும்பி, ஓடும்போதே இயந்திரம் நின்றுவிடும். 2005 டிசெம்பரில் நிறுவனம் சேவை அறிவித்தல் ஒன்றை அனுப்பியது. கோர்வையின் பாரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், திறப்பின் துளையைச் சிறிதாக்கும் செருகியைக் கொடுங்கள் என்பதே அதன் சாரம். செருகி பெற்றவர்கள் 474 பேர் மட்டுமே.

பொறியியலாளர்கள் இதனை வாடிக்கையாளரின் வசதிக் குறைவு என்றே வகைப்படுத்தினர். ஆளி திரும்பினால் காற்றுப்பையும் விரியாது என்பதை அவர்கள் பொருத்திப் பார்க்கவில்லை என்று, நிறுவனமே நியமித்த வலுகாஸின் 2014ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. 'வசதி' என்ற அந்த ஒரு சொல்லே மீளழைப்பின் கதவைச் சாத்தியது என்பது என் கருத்து. 2006இல் ஆளியின் வடிவமைப்பு மாற்றப்பட்டபோதும் பாக இலக்கம் மாற்றப்படவில்லை. பழையது எது, புதியது எது என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் திணறினர்.

மீளழைப்பு 2014 பெப்ரவரியில்தான் தொடங்கியது. விரைவில் அது சுமார் 26 இலட்சம் வாகனங்களை எட்டியது. இழப்பீட்டு நிதியம் 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது.

2006 ஒக்டோபரில் விஸ்கொன்சினில் கோபால்ட் ஒன்று மோதி இரு இளம்பெண்கள் இறந்தனர். அதை விசாரித்த மாநிலப் பொலிஸ் அலுவலர், அந்தச் சேவை அறிவித்தலைத் தேடி வாசித்து, ஆளி திரும்பியதற்கும் விரியாத காற்றுப்பைக்கும் உள்ள தொடர்பை 2007இலேயே தமது அறிக்கையில் எழுதினார். அந்த அறிக்கையின் பிரதி நிறுவனத்திடமும் இருந்தது, வாகனப் பாதுகாப்புத் திணைக்களத்திடமும் இருந்தது.