மூன்று முறை செத்த கிங் காங்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பேரனோடு உட்கார்ந்து பீட்டர் ஜாக்சன் இயக்கிய 'கிங் காங்' பார்த்தேன். 2005-இல் வந்த படம், மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. கடைசியில் அந்த ராட்சதக் குரங்கு கட்டடத்து உச்சியிலிருந்து விழுந்ததும் பேரன் என்னைப் பார்த்து, "தாத்தா, அது என்ன தப்பு பண்ணுச்சு? ஏன் சுட்டாங்க?" என்று கேட்டான். முப்பத்து மூன்று வருடம் வரலாறு நடத்தியவனுக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

எனக்கு இன்னொரு பழைய பாக்கியும் இருக்கிறது. அந்தப் படம் வந்த புதிதில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், "சார், அவசியம் பாருங்க" என்று ஆசையாக வந்து சொன்னான். "பழைய படத்தைத் திரும்ப எடுக்க இத்தனை கோடியா? அவங்களுக்குப் புதுக் கதை கிடைக்கலையா?" என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் கேலி செய்து அவனை உட்கார வைத்துவிட்டேன். அப்போது நான் படத்தைப் பார்க்கவே இல்லை. ஆதாரம் இல்லாமல் எழுதினால் மார்க் கிடையாது என்று உங்களை மிரட்டிய அதே வாத்தியார்தான் அப்படிப் பேசினேன்.

முதல் படத்திலிருந்து வருவோம். 1933 மார்ச் 2-ஆம் தேதி அது நியூயார்க்கில் வெளியானது. அந்தத் தேதியைக் கவனியுங்கள். 1929-இல் பங்குச் சந்தை சரிந்ததில் தொடங்கிய பெருமந்தம் உச்சத்தில் இருந்த நேரம். அமெரிக்காவில் உழைப்பவர்களில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. மார்ச் 4-இல் ரூஸ்வெல்ட் பதவியேற்றார். அடுத்த இரண்டு நாளில் நாடு முழுவதும் வங்கிகளை மூட உத்தரவிட்டார். படத்தைத் தயாரித்த ஆர்.கே.ஓ. நிறுவனமே கடனில் தத்தளித்தது. குரங்கு ஏறும் எம்பயர் ஸ்டேட் கட்டடம் 1931-இல் திறக்கப்பட்டது. 102 மாடி, அப்போது உலகத்திலேயே உயரமான கட்டடம். ஆனால் வாடகைக்கு வர ஆளில்லாமல் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தது. கதாநாயகி ஆன் முதன்முதலில் தோன்றும்போது பசியில் ஒரு ஆப்பிளைத் திருடப் போகிறாள். தியேட்டரில் இருந்தவர்களுக்கு அந்தப் பசியை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

படத்தை எடுத்த இருவரில் ஒருவர் மெரியன் கூப்பர். முதல் உலகப் போரில் விமானி. பிறகு போலந்துக்காகப் பறந்து ரஷ்யர்களிடம் சிறைப்பட்டுத் தப்பியவர். இன்னொருவரான ஷோட்சாக்கோடு சேர்ந்து பாரசீகம், சயாம் என்று போய்க் காட்டு வாழ்க்கையைப் படம் பிடித்தவர். கிங் காங் கதையில் கேமராவோடு தீவுக்குப் போகும் டென்ஹாம் ஏறக்குறைய கூப்பரேதான். கடைசிக் காட்சியில் காங்கைச் சுடும் விமானத்தில் இருப்பதும் கூப்பரும் ஷோட்சாக்கும்தான்!

காங்கின் முக்கிய பொம்மை ஒன்றரை அடி உயரம். உள்ளே உலோக எலும்புக்கூடு, வெளியே முயல் ரோமம். வில்லிஸ் ஓ'பிரையன் என்ற கலைஞர் அதைத் துளித்துளியாக நகர்த்தி ஒவ்வொரு படமாக எடுத்தார். ஒரு நொடிக்கு 24 படம். கணக்குப் போட்டுப் பாருங்கள். விரல் பட்ட இடத்தில் ரோமம் கலைந்து, படத்தில் காங்கின் மயிர் சிலிர்ப்பதுபோலத் தெரியும்.

1976-இல் இரண்டாவது முறை எடுத்தார்கள். கதையை அந்தக் காலத்துக்கு மாற்றி, எண்ணெய் தேடும் கம்பெனி தீவுக்குப் போவதாக வைத்தார்கள். எண்ணெய் நெருக்கடி முடிந்த சூடு அது. குரங்கு உலக வர்த்தக மையக் கோபுரத்தில் ஏறியது. சுமார் நாற்பது அடியில் ஒரு இயந்திரக் குரங்கு செய்தார்கள். அது சரியாக வேலை செய்யாததால், பெரும்பாலும் குரங்கு உடை போட்ட மனிதர்தான் நடித்தார்.

மூன்றாவது படத்தின் கதை ஒரு சிறுவனிடம் தொடங்குகிறது. நியூசிலாந்தில் பீட்டர் ஜாக்சன் ஒன்பது வயதில் டிவியில் 1933 படத்தைப் பார்த்துவிட்டுக் கடைசியில் அழுதிருக்கிறார். பன்னிரண்டு வயதில் அட்டையில் எம்பயர் ஸ்டேட் கட்டடம் செய்து, அம்மாவின் பழைய ரோம ஆடையை வெட்டிக் குரங்கு செய்து, தானே படமெடுக்கப் பார்த்தார். பெரியவரான பிறகு 1996-இல் யுனிவர்சல் நிறுவனத்துக்காக வேலை தொடங்கினார். 'காட்ஸில்லா', 'மைட்டி ஜோ யங்' என்று வேறு ராட்சத மிருகப் படங்கள் வரப்போகின்றன என்று அடுத்த வருடமே நிறுத்திவிட்டார்கள். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' வென்ற பிறகு அவர்களே திரும்ப அழைத்தார்கள். முதல் படத்தின் செலவு ஏழு லட்சம் டாலருக்கும் குறைவு. இதற்கு 20 கோடி டாலரைத் தாண்டியது.

அவர் கதையைத் திரும்ப 1933-க்கே கொண்டுபோனார். ஆண்டி செர்கிஸ் என்ற நடிகர் ருவாண்டா காட்டில் கொரில்லாக்களைப் பார்த்துப் பழகிவிட்டு வந்து நடித்தார். அவருடைய அசைவையும் முகபாவத்தையும் கணினியில் குரங்குக்கு மாற்றினார்கள். பழைய படத்தில் ஆன் அலறிக்கொண்டே இருப்பாள். இதில் குரங்குக்கு வித்தை காட்டிச் சிரிக்க வைக்கிறாள். அதன் பக்கத்தில் உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்க்கிறாள்.

பெரிய வித்தியாசம் டென்ஹாமிடம் இருக்கிறது. 1933-இல் அவன் துணிச்சலான சாகசக்காரன். 2005-இல் முதலாளிகளை ஏமாற்றிப் படச்சுருளைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆள். கூட வந்தவர்கள் செத்தாலும் அவனுக்குக் கேமராதான் முக்கியம். எழுபது வருடத்தில் வீரன் என்ற சொல்லுக்கு நாம் தரும் பொருள் மாறிவிட்டது, பாருங்கள். ஒரே பாடத்தை இரண்டு தலைமுறை எழுதிய விடைத்தாள்கள்போல இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திருத்தலாம்.

மார்க் குறைக்க வேண்டிய இடமும் உண்டு. தீவுவாசிகளை மனிதத்தன்மையே இல்லாத காட்டுமிராண்டிகளாகக் காட்டியது 1933-இன் குற்றம். ஜாக்சன் நியூயார்க் மேடைக் காட்சியில், பழைய படத்தின் அந்த ஆட்டத்தையும் இசையையுமே டென்ஹாம் நடத்தும் போலி நாடகமாக வைத்துக் குத்திக் காட்டுகிறார். ஆனால் தன் தீவுக் காட்சியில் அவர்களை அதைவிடக் கொடூரமாகத்தான் காட்டுகிறார். அப்போதே பலர் இதைக் கண்டித்தார்கள்.

இங்கே வரைபடத்தை எடுங்கள். முதல் படத்தில் அந்தத் தீவு சுமத்ராவுக்கு மேற்கே இருக்கிறது. யாரும் அறியாத கடல் என்கிறார்கள். தீவுவாசிகள் பேசுவது நியாஸ் தீவு மொழிபோல இருப்பதாகக் கப்பல் தலைவர் சொல்கிறார். நியாஸ் நிஜமான தீவு. அதற்கு எதிரே சுமத்ராவின் மேற்குக் கரையில் பாரூஸ் துறைமுகம். அதன் அருகே கிடைத்த தமிழ்க் கல்வெட்டு 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கற்பூரத்துக்குப் பேர்போன அந்த ஊரில் நம் ஐந்நூற்றுவர் வணிகக் குழு வைத்தது! நியூயார்க் என்ற ஊரே இல்லாத காலத்தில் நம்மவர்கள் அங்கே வியாபாரம் செய்து, ஒப்பந்தத்தைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். 'அறியாத தீவு' என்று யாராவது சொன்னால், யார் அறியாத தீவு என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை வகுப்பில் எத்தனை தடவை கேட்டிருப்பேன்!

பேரனுக்குச் சொன்ன பதில் இதுதான்: "அது ஒரு தப்பும் பண்ணலப்பா. அது வீட்டுல இருந்துச்சு. இவங்க போய்ப் பிடிச்சு, சங்கிலி போட்டு, டிக்கெட் வித்தாங்க." அழகுதான் அதைக் கொன்றது என்று டென்ஹாம் கடைசியில் சொல்வது தன் பொறுப்பைத் தட்டிக் கழிக்கிற பேச்சு. பேரன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப டிக்கெட் வாங்கினவங்க?" என்றான். நானும் அவனும்தானே அவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்த்தோம்! இந்தக் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

பழசைத் திரும்ப எடுக்கலாமா என்று கேலி செய்தேனே, நான் மட்டும் என்ன செய்தேன்? முப்பத்து மூன்று வருடம் அதே பிரெஞ்சுப் புரட்சியை ஜூன் மாதம் பிறந்தால் திரும்பத் திரும்ப நடத்தினேன். ஒவ்வொரு வருடமும் எதிரே இருந்த முகங்கள் வேறு, அவர்கள் கேட்ட கேள்விகளும் வேறு.

அன்றைக்கு உட்கார வைத்தேனே, அந்தத் தம்பி இதைப் படிப்பான் என்று தெரியும். பெயர் சொன்னால் கூச்சப்படுவான். தம்பி, நீ சொன்னது சரி, நான்தான் படம் பார்க்காமல் பேசிவிட்டேன். கமெண்டில் வந்து என்னை ஒரு தடவை பெஞ்சு மேல் ஏற்றிவிட்டுப் போ.

எல்லோரும் நலமாக இருங்கள்.